யார் வீட்டுச் சேதி

வெள்ளாங்கரையில் மின்சாரம் சேதி கேட்க ஆரம்பித்தது ஓர் ஆனி மாதத்துச் சாயங்காலம். அதற்கு முன்னால் அந்த ஊரிலும் மின்சாரம் எல்லா ஊரிலும் போலத்தான் இருந்தது. வந்தது, போனது, யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு ஊராட்சித் தலைவர் அழகுசுந்தரத்தின் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், அடுப்படியில் மிக்ஸி தேங்காயை அரைத்துக்கொண்டிருந்தது, மூன்றும் ஒரே மூச்சில் நின்றன. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது, எதிர்வீட்டில் எரிந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்த வீரணன் வீட்டில்கூட எரிந்தது. தலைவர் வீட்டில் மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் வீரணனின் மகன் இன்பராசு, பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்பார்மரின் கீழே, பைக் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். டிரான்ஸ்பார்மரில் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டி அவன் வேலை செய்யும் மதுரைக் கம்பெனியுடையது. அதற்குள் ஓடிய நிரல் அவன் எழுதியது.

அவன் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. சின்னக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்குள் திரை இருக்கிறது, ஒலி இருக்கிறது, விசைகள் இருக்கின்றன. எல்லாம் எந்நேரமும் விழித்துக் கிடந்தால் பேட்டரி செத்துப்போகும் என்பதால் நடுவில் ஒருவனை உட்காரவைத்திருப்பார்கள், ஆபீசில் அவனைப் பவர் மேனேஜர் என்பார்கள். அவனுக்குக் கண் கிடையாது. விசையை அழுத்தினார்கள், மூடியைத் திறந்தார்கள், சார்ஜரைச் சொருகினார்கள் என்று யாராவது போய்ச் சொன்னால்தான் நடந்தது நடந்ததாக ஆகும். சொல்ல ஆளில்லாத உறுப்பை, யாருக்கும் வேண்டாத உறுப்பு என்று எடுத்துக்கொண்டு, முதலில் அரைத்தூக்கத்திலும் பிறகு முழுத்தூக்கத்திலும் போட்டுவிடுவான். அப்படிப் போய்ச் சொல்கிற வரிகளை எழுதுவதுதான் இன்பராசுவின் வேலை. அவன் அப்பா வீரணனும் ஆயுள் முழுக்கச் சேதி சொன்னவர்தான். மேலத்தெருவில் யார் செத்தாலும் வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் ஊர் ஊராக நடந்துபோய், உறவுக்காரர்களின் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, இன்னார் வீட்டில் இன்னார் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டு, முறத்தில் போடுகிற தானியத்தைத் துண்டில் வாங்கிக்கொண்டு வருவார். இந்த ஒற்றுமை ஆபீசில் ஒரு மத்தியானம் இன்பராசுவுக்கு உறைத்தது. தனக்குள் சிரித்துக்கொண்டான், யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நிரலில் ஒரு விதி இருந்தது. எந்த உறுப்பும் தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது, இன்னொரு உறுப்புத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் தூங்கப் பிடிக்காத உறுப்பு, நான் வேலையாக இருக்கிறேன் என்று எந்நேரமும் பொய் சொல்லும். அந்த விதியை எழுதியது இன்பராசுதான். அதற்காக ஒரு கூட்டத்தில் அவனுக்குக் கைதட்டினார்கள். பிறகு கம்பெனி அதே நிரலைப் பெரிதாக்கி, ஓர் ஊரின் வீடுகளையே உறுப்புகளாக வைத்து, புழக்கமில்லாத வீட்டுக்குப் போகும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டியாகச் செய்து, சோதித்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டும் என்றபோது, அவனேதான் கையைத் தூக்கித் தன் ஊரின் பெயரைச் சொன்னான். சொந்த ஊரில் ஒரு பெரிய வேலை செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையைப் பிற்பாடு அவன் எத்தனையோ தடவை எடுத்துப் புரட்டிப் பார்த்தான், அதற்குள் உண்மையில் என்ன இருந்தது, யாருக்கு எதைக் காட்ட நினைத்தோம் என்று.

தலைவர் வீட்டு மீட்டர், வீட்டில் ஆள் இருக்கிறது, விசிறி ஓடுகிறது என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி அதைக் காதில் வாங்கவில்லை. இன்பராசு லேப்டாப்பையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அங்கன்வாடி எஸ்தர் டீச்சர் பேருந்துக்காக வந்து நின்றாள். தினமும் வெளியூரிலிருந்து வந்து போகிறவள்.

"என்ன தம்பி, தலைவர் வீட்டுல கரண்ட் இல்லையாமே?"

"அதான் பாக்குறேன் டீச்சர்."

"அந்த வீட்டுக்கு இன்னிக்கு நாளே சரியில்ல. மத்தியானம் மருமக கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிருச்சு. கையில ஒரு பை, காலுல செருப்புகூட இல்ல."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, தலைவர் வீட்டில் விளக்கு எரிந்தது, நின்ற இடத்திலிருந்து டிவியில் அழுகை தொடர்ந்தது.

ஊரில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. மருமகள் போன சேதி வெளியே தெரிந்துவிட்டதே என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. அடுத்தடுத்து வீடுகள் அணைந்தன, அணைந்த வீடுகளைப் பற்றி யாராவது எதையாவது பேசப்போய் எரிந்தன, அந்த வாரம் முடிவதற்குள் பெட்டியின் குணம் சின்னப்பிள்ளைகளுக்குக்கூட அத்துப்படியாகிவிட்டது. டிரான்ஸ்பார்மரின் கீழே நின்று வாயால் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் கேட்காது. தன் வீட்டுச் சேதியைத் தானே சொன்னால் ஏற்காது. பொய்யை ஏற்காது, சொன்ன சேதியை மறுபடி சொன்னால் ஏற்காது. மாடு கன்று போட்டது, மச்சான் விருந்துக்கு வந்தார் என்ற மாதிரிச் சேதிக்கு ஒரு பொழுது எரியும், சண்டைக்கும் சடங்குக்கும் சில நாள், கல்யாணத்துக்கு அதைவிடக் கூட. ஒரு காரியம் இரண்டு வீட்டுக்கும் சொந்தமென்றால் இரண்டு வீட்டுக்கும் எரியும், சொல்லுவதை மட்டும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் வாங்கியவர்கள் இருந்தார்கள். அது டீசலைக் குடித்தது, உறுமியது, புகைவிட்டது, சேதியில்லாத வீட்டில் பல்பு மட்டும் எரியவில்லை. இன்பராசு ஒருநாள் பெட்டியையே கழற்றிப் பார்த்தான். ஊர் மொத்தமும் அணைந்தது, கழற்றிய பெட்டி அவன் மடியில் வெதுவெதுவென்று இருந்தது. திரும்ப மாட்டினான். கம்பெனிக்குப் போன் செய்தால், இங்கே எங்கள் திரையில் எல்லாம் சரியாகக் காட்டுகிறது, மிச்சமும் நன்றாக வருகிறது, நீ அங்கேயே இருந்து கவனித்துக்கொள் என்றார்கள்.

ஆக, ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் போய்ச் சொன்னால் ஊர் முழுக்க வெளிச்சம். அவ்வளவு லேசான காரியம். தலைவரின் மனைவி அப்படித்தான் நினைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாவம் பார்த்து, அந்த வீட்டில் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய சேதியைப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீடு எரிந்தது. வாசலில் காத்திருந்த அழகுசுந்தரம் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அடுத்த வீட்டுச் சேதியைச் சுமந்துபோய்ச் சொல்கிற வேலையை நம் வீட்டுப் பொம்பளை செய்வதா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன், அவன் வீடுதான் எரிந்தது, அவனும் தலைவர் செய்தது சரி என்றே சொன்னான். கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள், கூட்டம் வெகுநேரம் நடக்கவில்லை. ஊரில் சேதி சொல்ல ஒரு குடும்பம் இருக்கும்போது நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டதும், இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று எல்லோரும் சந்தோஷமாக எழுந்துகொண்டார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு வரிசை வீடுகள் இருந்தன. எல்லோரும் திருப்பூருக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட, வீரணன் வீடு மட்டும் மிஞ்சியது. இடையில் பல வருஷம் கல்குவாரியில் உடைத்த கல்லின் தூசி நெஞ்சில் படிந்து கல்லாகி, வீரணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். கால்மாட்டில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதன் குழாய் மூக்கில் இருக்கும். மிஷின் நின்றால், மாற்றுக்கு வைத்திருக்கும் சிலிண்டர் தீரும்வரைதான் அவருக்கு மூச்சு.

தலைவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இன்பராசு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டான். அவர் அதில் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வீரணா, எப்படி இருக்க?"

வீரணன் எழுந்திருக்கப் பார்த்தார். "இருக்கேன் சாமி. நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்... சொல்லிவிட்டா..."

"நீ உக்காரு. ஊருக்கு ஒரு கஷ்டம், உனக்குத் தெரியும். உன்னால நடக்க முடியாது, பேசவும் முடியாது. தம்பிய அனுப்பு. பெட்டியும் அவரு வச்சதுதான்."

"நான் இன்ஜினியர், தலைவரே," என்றான் இன்பராசு.

"அதுல என்ன தம்பி இருக்கு. இன்ஜினியர் வாய் சொன்னா எரியாதா?" தலைவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள். "உங்க அப்பாவுக்கும் கரண்ட் வேணும்ல? உங்க வீட்டுச் சேதிய நீயே சொல்ல முடியாது. ஊருக்கு நீ செய், உனக்கு ஊரு செய்யும்."

அவர்கள் போனபிறகு இன்பராசு சொன்னான், "யப்பா, நம்ம மதுரைக்குப் போயிருவோம். ஒரு வீடு பாக்குறேன். இன்னிக்கே வண்டி சொல்றேன்."

வீரணன் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். "தலைவரு... நம்ம வாசலுக்கு வந்துருக்காரு ராசு. அவுக அப்பன் காலத்துல... நான் அந்தத் தெருவுல துண்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடந்தவன். இன்னிக்கு ஊரே இருட்டுல கெடந்து... நம்ம வாயப் பாக்குது. இப்பப் போயி... மதுரையில சாகச் சொல்றியா?"

அந்த முகத்தில் இருந்த மலர்ச்சியை இன்பராசு பார்த்தான். அதை உடைக்க அவனுக்குக் கை வரவில்லை. கை வராதது அன்பினாலா, தனக்கும் உள்ளுக்குள் ஒரு மூலையில் அது இனித்ததாலா என்று அவன் பிறகு கேட்டுக்கொண்டான்.

அப்படியாக இன்பராசு சேதி சொல்ல ஆரம்பித்தான். காலையில் மேலத்தெரு வழியாக நடப்பான், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாசலுக்கு வந்து, அல்லது ஜன்னல் வழியாக, தங்கள் வீட்டுச் சேதியை அவனிடம் போடுவார்கள், அவன் பெட்டியின் கீழே போய் நின்று, இன்னார் வீட்டில் இன்னது நடந்தது என்று சொல்வான், வீடுகள் ஒன்றொன்றாக எரியும். படித்த பையன் திருத்தமாகச் சொல்கிறான் என்று பாராட்டினார்கள். அவன் வீட்டுக்கு ஊர் சொல்லவில்லை. இன்றைக்கு நீ போ, நாளைக்கு அவன் போகட்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் அது நடக்காமலேயே இருந்தது. ஆனால் எஸ்தர் டீச்சர் தினமும் சாயங்காலம் பேருந்துக்கு நிற்கும்போது, குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பெட்டியைப் பார்த்து, "வீரணன் ஐயா இன்னிக்கு ரசஞ்சோறு சாப்பிட்டாரு," என்பாள், "வீரணன் ஐயா வீட்டுல கோழி அடைகாக்குது," என்பாள், மிஷின் மறுநாள் சாயங்காலம்வரை ஓடும்; மூச்சு முட்டுகிற ஒருவர் சாப்பிடுவது பெட்டிக்கு அன்றன்றைக்குப் புதுச் சேதி.

மேலத்தெருவில் அதற்குள் சேதி தீர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் அப்படி எத்தனை காரியம் நடந்துவிடும்? வருகிற விருந்தாளி எல்லாம் வந்துவிட்டார்கள், காது குத்தாத பிள்ளைக்கெல்லாம் குத்தியாகிவிட்டது, முடி வைத்திருந்தவர்கள் எல்லாம் மொட்டையடித்துக்கொண்டார்கள். பிறகு காரியங்களைச் செய்ய வேண்டியதாயிற்று. படித்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பரிசம் போட்டார்கள், அது எரிந்து முடிந்ததும் பரிசத்தை முறித்தார்கள், முறித்ததற்கும் எரிந்தது. அண்ணன் தம்பிகள் பேசிவைத்துக்கொண்டு சண்டைபோட்டார்கள். பேசிவைத்த சண்டையைப் பெட்டி ஏற்காமல் போகவே, மண்டையை உண்மையாகவே உடைத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் வைக்கோல் படப்புக்குத் தானே தீ வைத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள், அப்படிப் பார்க்கும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து, வீட்டில் ஆகக் குறைவாகப் பேசுகிறவர் யாரோ அவர் மேல் போய் நிற்கும். மருமகள்கள் ஜன்னல் பக்கம் உட்காருவதை விட்டார்கள். வேலைக்காரப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவர் வீட்டில் அவருடைய பெரியப்பா பல மாதமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு நின்றுவிட்டது, ஆனால் சாப்பாடு இறங்கியது, கண்ணில் ஆள் தெரிந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டினார்கள், குளிரக் குளிர இளநீர் கொடுத்தார்கள், மறுபடியும் முழுக்காட்டினார்கள், மறுபடியும் இளநீர் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை. இன்பராசு வாசலுக்குப் போனபோது தலைவர் தோளில் துண்டோடு வந்தார், கண் கலங்கித்தான் இருந்தது.

"பெரியப்பா போயிட்டாரு தம்பி. சொல்லிரு."

"ராத்திரி நல்லா இருந்தாருன்னு சொன்னாங்க."

"வயசாச்சுல்ல. எந்தம்பி வீட்டுக்கும் சேத்துச் சொல்லிரு, அவங்களுக்கும் பங்காளிச் சாவுதான்."

இன்பராசு போய்ச் சொன்னான். இரண்டு வீடும் எரிந்தன. ஒரு மாதத்துக்கு மேல் எரிந்தன, வேறு எந்தச் சேதிக்கும் அப்படி எரிந்ததில்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளாங்கரைக் கடைகளில் நல்லெண்ணெய் நிற்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் மேலத்தெருவில் வயசான ஆளே இல்லாமல் போனது. ஒவ்வொரு சாவையும் இன்பராசுதான் சொன்னான். சொல்லாமல் இருந்தால் செத்தவர் எழுந்து வரப்போவதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்ல ஒருவன் இருப்பதால்தானே சாகடிக்கிறார்கள் என்று உடனே இன்னொரு குரல் உள்ளே கேட்டது. இரண்டுக்கும் நடுவில் அவன் தினமும் அந்தத் தெருவில் நடந்தான், ஏனென்றால் எஸ்தர் டீச்சரின் ஒரு வார்த்தையில் அப்பாவின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்குத் துணிவு இல்லை.

அதுவும் கெட்டது. மேலத்தெருவில் பாதி வீடு இருட்டாக இருந்த ஒரு சாயங்காலம், டீச்சர் வழக்கம்போல் ரசஞ்சோற்றைச் சொல்ல, ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கு பளிச்சென்று எரிந்ததைச் சிலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வீட்டு ரசத்துக்கு எரிகிறது, நம் வீட்டில் மண்டை உடைந்தும் எரியவில்லை என்றார்கள். மேலிடத்தில் பேசி, டீச்சரை வேறு ஊருக்கு மாற்றச் செய்தார்கள். கடைசி நாள் அவள் பெட்டியைப் பார்த்துச் சொல்ல எதுவும் கிடைக்காதவள்போல நின்றுவிட்டு, "வீரணன் ஐயாவப் பாக்க இனிமே நான் வர மாட்டேன்," என்றாள். அந்தச் சேதிக்குச் சில நாள் எரிந்தது.

எரிந்து அணைந்த அன்று இன்பராசு சிலிண்டரை அப்பாவுக்கு மாட்டிவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனான்.

"தலைவரே, ஒரே ஒரு வார்த்தை. அப்பா இன்னிக்கு ரெண்டு வாய் இட்லி சாப்பிட்டாருன்னு யாராவது சொன்னாப் போதும்."

"நான் சொல்றதா?"

"நீங்கதான் சொன்னீங்க, ஊருக்கு நான் செஞ்சா எனக்கு ஊரு செய்யும்னு."

அழகுசுந்தரம் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்துத்தான் பேசினார். "எனக்கு உன் மேல ஒண்ணும் கிடையாதுப்பா. நீ நல்ல பையன். ஆனா நான் போயி உங்க வீட்டுச் சேதியச் சொன்னேன்னு வையி, நாளைக்கு எந்தம்பி அவன் வீட்டுக்கு என்னையச் சொல்லச் சொல்லுவான். அப்புறம் யாரு யாருக்குச் சொல்றதுன்னு ஒரு அளவே இருக்காது. அது போக, உங்க வீட்டுல அப்படி என்ன சேதி இருக்கு?"

"மூச்சு விடுறாரு. அது சேதி இல்லையா?"

"அது எல்லாரும் விடுறதுதானே," என்றார் தலைவர்.

அன்றைக்கு இன்பராசு முடிவு செய்தான். நகரத்திலிருந்து இன்னும் ஒரு சிலிண்டரை வரவழைத்து வைத்துக்கொண்டு, சேதி சொல்லப் போவதை நிறுத்தினான். அவன் போட்ட கணக்கு இதுதான்: சிலிண்டர் தீர்வதற்குள் மேலத்தெரு முழுக்க அணைந்துவிடும், மோட்டார் ஓடாமல் தண்ணீர் ஏறாது, பால் திரியும், பிள்ளைகள் புழுக்கத்தில் அழும், அப்போது யாராவது ஒருவர் பக்கத்து வீட்டுக்காகப் போய் வாயைத் திறப்பார், ஒருவர் திறந்தால் எல்லோரும் திறப்பார்கள், எல்லோரும் திறந்தால் அவன் வீட்டுக்கும் ஒரு வாய் கிடைக்கும். ஆபீசில் இப்படித்தான் கணக்குப் போடுவான், எந்த உறுப்பு எவ்வளவு நேரம் தாங்கும், எது முதலில் விழும் என்று.

மேலத்தெரு அணைந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் டிரான்ஸ்பார்மரின் கீழே வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் தொண்டையிலும் அடுத்த வீட்டுச் சேதி இருந்தது, யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுப் பெண் எதற்கு அழுதாள், எல்லாம் தெரியும், உள்ளே வைத்திருக்க முடியாமல் கன்னம் உப்பியது. யாரும் சொல்லவில்லை. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வியர்த்து ஒழுகி நின்றார்கள், இருட்டியதும் வீட்டுக்குப் போனார்கள், மறுநாளும் வந்து நின்றார்கள். அவனே வருவான் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

கட்டிலில் வீரணன் மகனைக் கெஞ்சினார். "போயிச் சொல்லிட்டு வா ராசு. ஊரு இருட்டாக் கெடக்குய்யா."

"உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாத ஊருப்பா."

"அவுக சொல்ல மாட்டாக. அது அவுக வேல இல்ல." மூச்சு இழுத்தது. "நீ போகலன்னா... நான் போகட்டுமா?"

உண்மையாகவே காலைக் கீழே வைத்தார். இன்பராசு அவரைப் பிடித்துப் படுக்கவைத்தான். இரண்டாவது சிலிண்டரின் முள் அப்போது பாதிக்குக் கீழே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரு பொழுது, அதற்குள் ஒருவராவது வாயைத் திறந்துவிடுவார் என்று அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான், கடைசியில் ஆம்புலன்சுக்குப் போன் செய்தபோது அது ஏற்கெனவே பிந்திய போன். வண்டி வருவதற்குள், பட்டப்பகலில், வாசல் கதவு திறந்திருக்க, வீரணன் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட மறந்தவர்போல அப்படியே இருந்துவிட்டார். அப்பா செத்தது மேலத்தெருவின் பிடிவாதத்தாலா, தன்னுடையதாலா என்று இன்பராசு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். இரண்டும் ஒரே எடையாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஓடையைத் தாண்டிக் கூட்டமாக வந்தார்கள். முன்னால் அழகுசுந்தரம், கையில் பெரிய ரோஜா மாலை, பின்னால் ஒருவன் புதுக்கோடித் துணியோடு. மாலையை வாசற்படியில் வைத்தார்கள். தலைவர் இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கப்பன மாதிரி ஒரு ஆளு இனிமே இந்த ஊருக்கு இல்லப்பா," என்றார். "எங்க அப்பா செத்தப்ப கொட்டுற மழையில ஆத்தக் கடந்து போயி எங்க அத்தைக்குச் சொன்னவன். எங்க வீட்டுச் சோறு தின்னு வளந்தவன். அவனப் பத்தி எவன் என்ன சொன்னாலும், அவன் எங்க வீட்டு ஆளு."

இன்பராசு அவர் முகத்தைப் பார்த்தான். அதில் துக்கம் இருக்கிறதா என்று தேடினான். கொஞ்சம் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வீரணன் செத்தது எங்க வீட்டுச் சாவு," என்றார் தலைவர். "போயிச் சொல்லிரு. மத்த காரியத்த நாங்க பாத்துக்கிறோம்."

இன்பராசு எழுந்தான். போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அவனுக்குப் பெட்டியின் குணம் ஞாபகம் வந்தது. இத்தனை மாதத்தில் அது ஒரு பொய்யைக்கூட ஏற்றதில்லை. இந்தப் பொய்யை ஊர் அத்தனை பேரின் முன்னாலும் கொண்டுபோய் அதன் கீழே வைத்தால், அது வாயை மூடிக்கொண்டு நிற்கும், தலைவர் வீடு இருட்டாகவே கிடக்கும், வீரணன் யார் வீட்டு ஆள் என்பதை அந்த இருட்டு எல்லோருக்கும் சொல்லும். அவன் மனிதர்களிடம் வாதாடித் தோற்றிருந்தான். தான் செய்த பெட்டியிடம் நியாயம் கிடைக்கும் என்று நம்பினான். வேகமாக நடந்தான். கூட்டம் பின்னால் வந்தது.

டிரான்ஸ்பார்மரின் கீழே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "தலைவர் அழகுசுந்தரம் வீட்டில் ஒரு சாவு. வீரணன் செத்துவிட்டார்."

தலைவர் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தன. மாடியில், கூடத்தில், மாட்டுக்கொட்டகையில், வாசல் வளைவில் தீபாவளிக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட சீரியல் செட்டில்கூட.

இன்பராசு பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பச்சைப் பொட்டு எப்போதும்போல் மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தியா," என்றார் தலைவர் மெதுவாக. "நான் சொன்னேன்ல."

தலைவரின் தம்பி முன்னால் வந்தார். "எங்க வீட்டுக்கும் அவன்தான்பா எல்லாச் சாவுக்கும் போனான். எங்களுக்கும் சொல்லிரு." இன்பராசு சொன்னான், இதையாவது மறுக்கும் என்று. எரிந்தது. அடுத்தவர் வந்தார், வீரணன் தன் அப்பாவின் மாட்டை மேய்த்ததைச் சொன்னார், எரிந்தது. அடுத்தவர், வீரணனுக்குத் தன் பழைய சட்டையைக் கொடுத்திருப்பதைச் சொன்னார். அடுத்தவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, ஒருதடவை அவனை அடித்திருக்கிறேன் என்றார், அவருக்கும் எரிந்தது. வரிசையாக வந்தார்கள், இன்பராசு ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்லி, ஒரு சாவு என்றும், வீரணன் என்றும் சொன்னான், ஒவ்வொரு தடவையும் பெட்டி மறுக்கும் என்று காத்திருந்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு எரிந்தது, கடைசியில் மேலத்தெரு முழுக்கப் பகல்போல் ஆகி, மோட்டார்கள் ஓடி, தொட்டிகள் நிரம்பி, டிவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன.

கூட்டம் கலைந்தது. தலைவர் போகிற வழியில் இன்பராசு அவர் எதிரில் போய் நின்றான்.

"இப்பவாவது எங்க வீட்டுக்கு யாராவது சொல்லுங்க தலைவரே. பிணம் இருட்டுல கெடக்கு."

அழகுசுந்தரம் அவன் தோளில் கை வைத்தார். அந்தத் தெருவில் யாரும் அதுவரை அவனைத் தொட்டதில்லை.

"உங்க வீட்டுல ஏதுப்பா சாவு," என்றார். "அதான் எங்க வீட்டுதுன்னு ஆயிருச்சே."

காலையில் ஆள் அனுப்புவதாகவும், குழி வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு நடந்தார். இன்பராசு வீட்டைப் பார்த்துத் திரும்பினான். ஓடை வரைக்கும் நல்ல வெளிச்சம் இருந்தது. அதற்கப்புறம் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தான்.